பழைய கார் ஓடும்போதே அடங்கிப்போனால் எங்கே கை வைப்பது?

வண்டி எப்படி நின்றது என்று கேட்காமலே கார்புரேட்டரைக் கழற்றிவிடுகிறார்கள். முதலில் அதைக் கேளுங்கள். சாவியைத் திருப்பி அணைத்தது மாதிரி சட்டென்று அடங்கினால் இக்னிஷன் (தீப்பொறி) பக்கம். இழுவை குறைந்து, குலுங்கிக் குலுங்கி நின்றால் பெட்ரோல் பக்கம். இக்னிஷனின் சின்ன உறுப்பான கண்டென்சர் பழுதாகும்போதும் குலுக்கல் வரும் என்பதால் இதை முழுசாக நம்ப முடியாது. உறுதியாகத் தெரிய, உயர் மின்னழுத்தம் தரும் காயிலிலிருந்து, அதைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் தடித்த வயரில் டைமிங் லைட்டின் (தீப்பொறிக்கேற்ப மின்னும் விளக்கு) கிளிப்பை மாட்டி, வண்டியை நிறுத்திவைத்தே ஓடவிட்டு, அடங்கும் நேரத்தில் பாருங்கள். இன்ஜின் இன்னும் சுற்றும்போதே வெளிச்சம் அறுந்தால் இக்னிஷன். கடைசிச் சுற்று வரை மின்னினால் பெட்ரோல்.

நின்ற கையோடு இன்னொன்றும் பார்க்கலாம். ஏர் கிளீனரை எடுத்துவிட்டு, கார்புரேட்டர் வாயைப் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் லிங்க்கை ஒரு தரம் இழுங்கள். பெட்ரோல் பீச்சினால் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணம் காலியாகவில்லை. முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம்.

---

லிங்க்கை இழுத்துப் பார்க்கும் இந்தச் சோதனை எஸ்.யு. ரக கார்புரேட்டருக்குப் பொருந்தாது. அதில் ஆக்சிலரேட்டர் பம்ப் கிடையாது. மிதவைக் கிண்ணத்தின் மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

கிண்ணம் காலி என்றால் முதல் வேலை டேங்க் மூடியைத் திறப்பது. ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டு, வண்டியும் ஸ்டார்ட் ஆகிவிட்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. புது மூடி வாங்கும்போது துளை உள்ளதா என்று பாருங்கள். துளையில்லாத மூடி பல வண்டிகளில் மாட்டியிருக்கிறது.

அடுத்து பம்ப். காயில் வயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் ஹோஸை ஒரு பாட்டிலுக்குள் விட்டு அரை நிமிடம் செல்ஃப் அடியுங்கள். கால் லிட்டரை ஒட்டி வந்தால் கவலையில்லை. சொட்டுச் சொட்டாகவோ நுரையாகவோ வந்தால் உடனே பம்பின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) என்று முடிவு கட்டாதீர்கள். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸில் விரிசல் இருந்தால் வெளியே ஒழுகாது, காற்றைத்தான் இழுக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் உப்பி உள்ளுக்குள் உரிந்துவருவதும் உண்டு. ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிட்டுத்தான் பம்பைத் தொட வேண்டும்.

டேங்க் துரு தனி ரகம். ஓடும்போது துருத்தூள் உறிஞ்சு குழாயின் வாயில் போய் அடையும். நின்றதும் அடியில் படிந்துவிடும். பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். பம்ப் பக்கம் லைனைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்துவைத்துப் பின்னோக்கி ஊதினால் தற்காலிகமாகச் சரியாகும். நிரந்தரத் தீர்வு டேங்கை இறக்கிக் கழுவுவதுதான்.

---

இக்னிஷன் பக்கம். செல்ஃப் அடிக்கும்போது பிடித்து, சாவியை விட்டதும் அடங்குகிறதா? காயிலுக்குப் போகும் கரன்ட்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் அறுந்திருக்கும். செல்ஃப் அடிக்கும்போது கரன்ட் அதைத் தாண்டிக் காயிலுக்குப் போவதால்தான் அந்த ஒரு நொடி உயிர் வருகிறது.

காயிலை அளக்கும்போது இரண்டு வயரையும் கழற்றிவிட்டு அளக்கவும். 12 வோல்ட் வண்டியில் பேலஸ்ட் இல்லையென்றால் பிரைமரி (அந்த இரண்டு முனைகளுக்கு இடைப்பட்ட சுற்று) 3 ஓம் அளவில் இருக்க வேண்டும். பேலஸ்ட் உள்ளதற்கு 1.5 ஓம். பேலஸ்ட் இல்லாத வண்டியில் 1.5 ஓம் காயிலைப் போட்டுவிட்டால் முதலில் ஜோராக ஓடும், சூடேறியதும் அடங்கும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயில் கரன்ட்டை விட்டுவிட்டு அறுக்கும் பாயின்ட்டும் கருகும்.

பாயின்ட் இடைவெளி பல வண்டிகளுக்கு 0.35 முதல் 0.40 மி.மீ.; உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டைப் பாருங்கள். கேமில் உரசும் நைலான் குதிகால் தேயத் தேய இடைவெளி மூடிக்கொண்டு வரும், டைமிங்கும் பின்தங்கும். கேமில் ஒரு துளி கிரீஸ் வைக்காததுதான் காரணம். பாயின்ட் முகத்தில் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் குழி என்றால் கண்டென்சரை மாற்றுங்கள். பழைய வண்டிக்காரர்கள் பெட்டியில் புதிய கண்டென்சர் போட்டு வைத்திருப்பார்கள். ஆனால் புதியதும் சோதித்ததாக இருந்தால்தான் பயன்.

எல்லாரும் தவறவிடுவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட்டுக்குப் போகும் சின்னப் பின்னல் வயர். பாயின்ட் உட்கார்ந்திருக்கும் வேக்வம் அட்வான்ஸ் தட்டு நகரும்போதெல்லாம் இதுவும் வளைகிறது. துணியுறைக்குள் இழைகள் அறுந்திருக்கும், வெளியே தெரியாது. மிதித்தால் அடங்கி, காலை எடுத்தால் சரியாகிற வண்டியில் இதைத்தான் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரை அதன் இரு முனையில் வைத்துக்கொண்டு தட்டைக் கையால் அசையுங்கள். அளவு தாவினால் தெரிந்துவிடும். தட்டின் எர்த் வயரையும் அப்படியே.

---

சூட்டில் நின்றால் உடனே ‘வேப்பர் லாக்’ (லைனில் பெட்ரோல் ஆவியாகி அடைப்பது) என்கிறார்கள். சூடான காயிலும் அப்படியேதான் செய்யும். ஆகவே ஸ்பார்க்கை முதலில் பார்க்க வேண்டும்: உபரி பிளக் ஒன்றை வயரில் மாட்டி இன்ஜின் உடம்பில் நன்றாக எர்த் ஆகும்படி வைத்து, பெட்ரோல் வாசனை இல்லாத இடத்தில் செல்ஃப் அடியுங்கள். நீலமாக வெடித்தால் காயில் குற்றவாளியில்லை. பம்பின் மேல் ஈரத்துணி போட்டுப் பாருங்கள். ஆறியதும் பெட்ரோல் வந்தால் லைனை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து விலக்கி, கார்புரேட்டர் அடியில் சூடு கடத்தாத ஸ்பேசர் வைக்க வேண்டும். லைனில் துணி கிளிப் மாட்டுவதெல்லாம் மன ஆறுதல்தான்.

ஓட்டத்தில் நன்றாக இருந்து, சிக்னலில் மட்டும் அடங்கினால் ஐடில் ஜெட் (ஐடிலில் பெட்ரோல் விடும் சிறு துளை) அடைத்திருக்கும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும், காற்றால் ஊதுங்கள். அதுவும் சுத்தம் என்றால் காற்றுக் கசிவு: கார்புரேட்டர் அடி கேஸ்கெட், பிரேக் சர்வோ ஹோஸ், தேய்ந்த த்ராட்டில் தண்டு. சர்வோ ஹோஸை மடித்துப் பிடித்ததும் ஐடில் மாறினால் கசிவு அந்தப் பக்கம். சூட்டில் மட்டும் ஐடில் கெட்டால் வால்வ் இடைவெளியையும் அளந்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் வால்வ் இறுக்கமாக இருந்தால் சூட்டில் முழுதாக மூடாது, எத்தனை தரம் கார்புரேட்டரைத் திருகினாலும் ஐடில் நிற்காது.