சாவி பையில் இருக்கும்போது கார் எப்படி நடந்துகொள்கிறது? கீலெஸ் பூட்டு குறித்த நம் அனுபவங்கள்

நெடுவழி எழுதியது:

சாவியைக் கையில் எடுக்காமலேயே கதவைத் திறக்கவும் பூட்டவும் இயலும் கார்களை இன்று நம்மில் பலர் ஓட்டுகிறோம். விற்பனைக் குறிப்பில் ஒரே வரியில் முடிந்துவிடும் இந்த வசதி, அன்றாடப் புழக்கத்தில் பலவிதமாக நடந்துகொள்கிறது. உறுப்பினர்கள் தாம் நேரில் கண்டவற்றை இங்கே எழுதினால் புதிதாகக் கார் வாங்குவோருக்குப் பெரிதும் உதவும் என்பதால் நானே தொடங்குகிறேன்.

என்னை நெடுநாள் உறுத்தியது, பூட்டியபின் சரிபார்ப்பது எப்படி என்ற கேள்விதான். பழைய காரில் பூட்டிவிட்டுக் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நகர்வது என் வழக்கம். புதிய காரில் அதையே செய்தால், சாவி என் சட்டைப்பையில் இருப்பதால், நான் திறக்கச் சொல்வதாகவே கார் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்துவிடுகிறது. கையேட்டைப் படித்தபோதுதான் இதற்கு வழி இருப்பது தெரிந்தது: பூட்டிய பின் சில வினாடிகளுக்குக் கைப்பிடியை இழுத்தாலும் கதவு திறக்காதபடி ஓர் இடைவெளியை வைத்திருக்கிறார்கள். எல்லாக் கார்களிலும் இது இல்லை. அதனால், பூட்டியதும் பக்கவாட்டுக் கண்ணாடிகள் மடங்கும்படி அமைப்பை மாற்றி வைத்துக்கொள்வதையும் நான் பரிந்துரைப்பேன். தொலைவிலிருந்து பார்த்தாலே கார் பூட்டியிருப்பது தெரிந்துவிடும்.

மழைத்துளி எழுதியது:

நல்ல முயற்சி. என் அனுபவம் தண்ணீரைப் பற்றியது. எங்கள் காரின் கைப்பிடியில் பொத்தான் கிடையாது. விரல் பட்டாலே உணரும் தொடு உணரி இருக்கிறது. சாவியைப் பையில் வைத்துக்கொண்டு குழாய் நீரைப் பீய்ச்சிக் காரைக் கழுவியபோது, நீர் கைப்பிடியில் பட்ட ஒவ்வொரு முறையும் கதவுகள் தாமாகத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தன. பூட்டுதான் பழுதாகிவிட்டதோ என்று வீட்டில் அனைவரும் பதறினார்கள். உண்மையில் அது பழுதன்று. கையின் தொடுதலால் ஏற்படும் மின்தேக்க மாற்றத்தை (மின்னூட்டத்தைத் தேக்கும் அளவில் வரும் சிறு மாற்றத்தை) உணரும் அந்த உணரிக்கு, வழிந்தோடும் நீரும் கிட்டத்தட்ட அதே மாற்றத்தைக் காட்டுகிறது. சாவியும் அருகில் இருப்பதால் கார் கீழ்ப்படிந்துவிடுகிறது. கழுவும் நேரத்தில் சாவியைச் சில மீட்டர் தள்ளி வைத்துவிட்டால் போதும். கனமழையில் காருக்கு அருகே நின்று பேசிக்கொண்டிருக்கும்போதும் இதே ஓசையைக் கேட்டிருக்கிறேன்.

மின்னியல் எழுதியது:

மின்னணுத் துறையில் பணிபுரிபவன் என்பதால், மேலே உள்ள இரண்டு அனுபவங்களுக்கும் பொதுவான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கைப்பிடியைத் தொட்டதும் கார், கதவுகளிலும் உட்புறத்திலும் டிக்கியின் அருகிலும் பொருத்தப்பட்ட ஆன்டெனாக்கள் வழியாகப் பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவிலான தாழ் அதிர்வெண்ணில் ஓர் அழைப்பை விடுக்கிறது. அந்த அழைப்பு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் தொலைவுக்கே எட்டும். உறக்கத்தில் இருக்கும் சாவி அதைக் கேட்டு விழித்து, 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸில் மறைகுறியாக்கிய, அதாவது பிறர் புரிந்துகொள்ள முடியாதபடி மாற்றிய, விடையை அனுப்புகிறது. விடை சரியென்றால் கதவு திறக்கிறது. சாவி வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்பதையும் எந்த ஆன்டெனாவின் அழைப்பு எவ்வளவு வலுவாகக் கேட்டது என்பதை வைத்தே கார் தீர்மானிக்கிறது. ஆகவே, பெரும்பாலான கார்கள் சாவியின் தொலைவை அளப்பதில்லை, அலையின் வலிமையைக் கொண்டு ஊகிக்கின்றன. நாம் சந்திக்கும் விசித்திரங்களில் பெரும்பாலானவை இந்த ஊகத்திலிருந்தே பிறக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சாவியை டிக்கியில் மறந்துவிட்டு மூடினால், உள்ளே சாவி இருப்பதை உணர்ந்து மீண்டும் திறந்துகொள்ளும் வசதி பல கார்களில் உண்டு. ஆனால் அதே சாவி ஓர் உலோகப் பெட்டிக்குள்ளோ, மடிக்கணினிக்கு அடியிலோ இருந்தால் அழைப்பு அதை எட்டாமல் போகலாம். டிக்கி பூட்டியபடியே இருந்துவிடும். என் உடன் பணிபுரிபவருக்கு இது நேர்ந்து, மாற்றுச் சாவி வரும்வரை அவர் வெயிலில் காத்திருந்தார். இந்த வசதியை நம்பி எவரும் சாவியை டிக்கியில் வைக்க வேண்டாம்.

நிதானம் எழுதியது:

மின்னியல் அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. சாவியின் பேட்டரி தீர்ந்த அனுபவத்தை நான் எழுதுகிறேன், ஏனெனில் அந்த வேளையில்தான் பலரும் செய்வதறியாது நிற்கிறார்கள். என் தமக்கையின் காரில், சாவி பேட்டரி குறைந்துவிட்டதாக டாஷ்போர்டில் எச்சரிக்கை எதுவும் வராத நிலையில், ஓர் இரவு கைப்பிடி முற்றிலும் பதிலளிக்கவில்லை. சாவிக்குள் ஒளிந்திருந்த சிறிய உலோகச் சாவியை உருவி எடுத்து, கைப்பிடியின் ஓரத்திலுள்ள மூடியை நீக்கி, அதன் அடியில் இருந்த துளையில் நுழைத்துக் கதவைத் திறந்தோம். திறந்த உடனே அலாரம் அலறத் தொடங்கியது. அலாரம் ஒலிப்பது இயல்பே என்று முன்பே அறிந்திருந்தால் பதற்றம் இருக்காது. பின்னர் சாவியை ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடித்து அழுத்தியதும் இன்ஜின் இயங்கியது, அலாரமும் நின்றது. சாவிக்குள் பேட்டரியின் துணையின்றியே, அருகிலுள்ள கம்பிச்சுருளிலிருந்து ஆற்றலைப் பெற்று அடையாளம் காட்டும் மின்னணுச் சில்லு (சிப்) ஒன்று தனியாக இருப்பதே இதற்குக் காரணம். சில கார்களில் அந்தக் கம்பிச்சுருள் குவளை தாங்கியிலோ ஸ்டீயரிங்கின் அருகிலோ இருக்கும். தத்தம் காரில் அது எங்கே உள்ளது என்பதை ஓய்வான ஒரு பகலில் கையேட்டைப் பார்த்து அறிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான சாவிகளில் இருப்பது சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் காசு பேட்டரிதான். கார் நிற்கும் இடத்துக்கு மிக அருகில் சாவியை மாட்டி வைத்தால், சில கார்களில் சாவி ஓயாமல் விழித்துக்கொண்டே இருந்து பேட்டரி விரைவில் தீர்கிறது.

நெடுவழி எழுதியது:

திருட்டு பற்றி எவரேனும் எழுதுவீர்களா? எங்கள் குடியிருப்பில் ஒரு கார், கண்ணாடி உடையாமல், பூட்டு சேதமாகாமல் காணாமல் போனது. இரண்டு சாவிகளும் உரிமையாளரின் வீட்டுக்குள்ளேயே இருந்தன.

மின்னியல் எழுதியது:

தாங்கள் விவரிப்பது, அலையை இடைமாற்றிக் கடத்தும் திருட்டாக இருக்கக்கூடும். ஒருவர் காரின் அருகில் ஒரு கருவியுடனும் மற்றொருவர் வீட்டுக் கதவின் அருகில் இன்னொரு கருவியுடனும் நிற்பார்கள். காரின் அழைப்பை முதல் கருவி பெற்று இரண்டாவதற்கு அனுப்ப, அது வீட்டுக்குள் இருக்கும் சாவியை எட்டுகிறது. தன் கார் அருகில் இருப்பதாகக் கருதிச் சாவி விடையளிக்கிறது. இங்கே மறைகுறியீட்டை எவரும் உடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். உண்மையான கேள்வியும் உண்மையான விடையும் நெடுந்தொலைவு பயணம் செய்கின்றன, அவ்வளவே. சூரிச் நகரின் இ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் 8 நிறுவனங்களின் 10 கார் மாடல்களில் இதைச் சோதித்துக் காட்டினார்கள்; பத்துமே திறந்து, இன்ஜினும் இயங்கியது. வலிமையை வைத்து அருகாமையை ஊகிக்கும் முறையில் எவ்வளவு வலுவான மறைகுறியீட்டைச் சேர்த்தாலும் இந்தக் குறை நீங்காது என்பதால்தான் இதைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. அலையைத் தடுக்கும் உலோக இழைப் பையில் சாவியை வைக்கலாம். ஆனால் பையின் மடிப்புகள் நாளடைவில் தேய்ந்து பயனிழக்கும் என்பதால், சாவியைப் பைக்குள் வைத்துக் காரின் அருகே சென்று கைப்பிடியைத் தொட்டு அவ்வப்போது சோதிக்க வேண்டும். அசைவு உணரி உள்ள சாவியாக இருந்தால், சிறிது நேரம் அசையாமல் கிடந்ததும் அது தானே உறங்கி, எந்த அழைப்புக்கும் விடையளிக்காது. புதிய கார் வாங்குவோர் விற்பனையாளரிடம் இதைத் தவறாமல் கேட்க வேண்டும். தொடாமல் திறக்கும் வசதியை மட்டும் அணைத்துவிட்டு, சாவியின் பொத்தானை அழுத்தித் திறப்பதையும் பல கார்கள் அனுமதிக்கின்றன.

அண்மைக்கால கார்களில் சிலவற்றில் அல்ட்ரா வைட்பேண்ட் என்னும் அலைமுறை வந்துள்ளது. அலை சென்று திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கணக்கிட்டு அது தொலைவை உண்மையாகவே அளக்கிறது. இடையில் எத்தனை கருவிகளை வைத்தாலும் பயண நேரம் கூடுமே தவிரக் குறையாது.

நிதானம் எழுதியது:

திருட்டைக் காட்டிலும் எனக்குக் கவலை தருவது வேறொன்று. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினால், பெரும்பாலான கார்கள் ஓர் ஒலியெழுப்பி எச்சரிப்பதோடு நின்றுவிடுகின்றன, இன்ஜினை அணைப்பதில்லை. ஓட்டத்தின் நடுவில் சாவியின் தொடர்பு அறுந்தால் கார் நின்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருப்பது நியாயமே. ஆனால் ஓசையின்றி இயங்கும் இன்ஜினை அணைக்காமல், வீட்டோடு ஒட்டிய மூடிய கொட்டகையில் காரை நிறுத்திவிட்டுச் சென்றவர்களின் வீடுகளில் கார்பன் மோனாக்சைடு புகுந்து உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. அமெரிக்காவில் 2021-ல் இயற்றப்பட்ட உள்கட்டமைப்புச் சட்டம், சாவியைச் செருகாமல் இயங்கும் கார்களில் இன்ஜின் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் தானாக அணைய வேண்டும் என விதி வகுக்கப் பணித்தது. முதியவர்கள் ஓட்டும் காராக இருந்தால், தானாக அணையும் வசதி அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். என் தந்தையின் காரில் அது இல்லாததால், இறங்கும்போது டாஷ்போர்டு விளக்குகள் முழுவதும் அணைந்தனவா என்று பார்த்த பின்பே கதவை மூடும்படி அவருக்குச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம்.

மழைத்துளி எழுதியது:

பழைய கார் வாங்குவோருக்கு ஒரு குறிப்பு. முந்தைய உரிமையாளரிடம் மூன்றாவது சாவி ஒன்று இருக்கலாம், அவருடைய கைபேசியும் சாவியாகப் பதிவாகியிருக்கலாம். கையிலுள்ள சாவிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாப் பதிவுகளையும் நீக்கித் தருமாறு சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். நாங்கள் கேட்டபோது, கணினியில் பார்த்துவிட்டு, கைக்கு வராத ஒரு சாவி இன்னும் பதிவில் இருப்பதாகச் சொல்லி உடனே நீக்கித் தந்தார்கள்.