அரத்தில் செய்த கத்தி: நிஜமாகவே பழசா, பழசாக்கியதா?

6 அங்குல அலகு, முதுகில் 4 மி.மீ. கனம். பழைய அரத்தை அடித்துச் செய்தது என்று சொல்லிக் கைக்கு வந்து 3 வாரம். வயதை உறுதிசெய்ய முடியவில்லை.

காந்தம் ஒட்டுகிறது, கூர்ப்பக்கத்தில் புது அரம் தேய்க்க முடியாமல் வழுக்குகிறது, அவ்வளவு கடினம். எஃகு நல்லதுதான், வயதுக்கு அது சாட்சி இல்லை. உறுத்துவது அரப்பற்கள். உலையில் காய்ச்சி அடித்திருந்தால் நசுங்கியிருக்கும். கைப்பிடியருகே இவை நகத்தைச் சுரண்டும் அளவுக்குக் கூராக நிற்கின்றன. பல்லிடுக்கில் இருந்த செம்மஞ்சள் துரு எண்ணெய்த் துணியிலேயே வந்துவிட்டது, அடியில் அரிப்புக் குழிகளே இல்லை. புறஊதா விளக்கில் பித்தளை ரிவிட்டைச் சுற்றி எபாக்சி என்ற நவீனப் பசை போல நீலவெள்ளை ஒளி. அது பிற்காலப் பழுதுபார்ப்பாகவும் இருக்கலாம்.

கைப்பிடியைக் கழற்றாமல், அலகு பழையதா அமிலத்தில் பழசாக்கியதா என்று அறிய அடுத்து எதைச் சோதிக்கலாம்?