பச்சைப் பெட்டி வந்தால் நிலையம் முடிந்ததா?

செம்புக்கம்பி:
நெடுஞ்சாலையோரம் கட்டிக்கொண்டிருக்கும் அந்த எட்டு முனை மின்சாரக் கார் விரைவு சார்ஜிங் நிலையத்தின் நிலவரத்தை நம் மன்றத்து 'புறவழி' நேற்று "90 சதவீதம் முடிந்தது, இரண்டு வாரத்தில் திறப்பு" என்று மாற்றியிருக்கிறார். ஆதாரம், வேலிக்கு வெளியே நின்று எடுத்த ஒரே ஒரு படம். அதில் கான்கிரீட் மேடை தெரிகிறது, தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்கள் தெரிகின்றன, மூலையில் ஒரு பச்சைப் பெட்டி. அதுதான் டிரான்ஸ்பார்மராம். இல்லை. அது சுவிட்ச்கியர், அதாவது மின்சாரத்தை இணைக்கவும் துண்டிக்கவும் உள்ள சுவிட்சுகளின் பெட்டி. இந்த அளவு டிரான்ஸ்பார்மர் என்றால் உள்ளே எண்ணெய் சூடாகும், அந்தச் சூட்டை வெளியேற்றப் பின்பக்கம் துடுப்புகள் இருக்கும். இந்தப் பெட்டி வழவழவென்று இருக்கிறது.

புறவழி:
வணக்கம் ஐயா. மூன்று மாதமாக வாரம் தவறாமல் அங்கே போய்ப் படம் போடுவது நான்தான். பள்ளம் வெட்டியது, குழாய் பதித்தது, கம்பி கட்டியது எல்லாம் போட்டேன், அப்போது யாரும் வாய் திறக்கவில்லை. படத்தின் இடது ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், நாலு கோடுகள் இருக்கின்றன. அவைதான் துடுப்புகள்.

செம்புக்கம்பி:
அவை வேலியின் நிழல்.

புறவழி:
நிழல் என்றால் தரையிலும் விழ வேண்டாமா?

செம்புக்கம்பி:
தரையிலும் விழுந்திருக்கிறது. மணல்மேட்டுக்குப் பக்கத்தில் பாருங்கள். பார்க்கத் தெரிந்தால்.

கடைசி5சதவீதம்:
'புறவழி' சொன்னால் நான் இனி நம்பமாட்டேன். போன வருடம் வேறொரு நிலையத்துக்கு "திறந்தாச்சு" என்று போட்டார். அதை நம்பி பேட்டரியில் 9 சதவீதத்தோடு போய் நின்றேன். தூண்கள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டிக் கயிறு கட்டியிருந்தது. அடுத்த நிலையத்துக்கு ஏசியை நிறுத்திவிட்டு லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போனேன். வீட்டில் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

புறவழி:
அதற்கு அன்றே மன்னிப்புக் கேட்டேன். உறை மாட்டிய படத்தையும் நான்தான் போட்டேன். நீங்கள் தலைப்பை மட்டும் படித்துவிட்டு வண்டியை எடுத்தால் நான் என்ன செய்ய?

நடுநிலை:
ஒரு சின்னக் கேள்வி. "முடிந்தது" என்று எதைச் சொல்கிறோம்? சிவில் வேலை முடிந்ததா, மின் இணைப்பு கிடைத்ததா, வண்டிக்கு சார்ஜ் ஏறியதா? அதை முதலில் பேசிக்கொண்டால் நல்லது.

செம்புக்கம்பி:
அதெல்லாம் அப்புறம். முதலில் அந்தப் பெட்டி டிரான்ஸ்பார்மரா இல்லையா, அதற்குப் பதில் வரட்டும். இருபது வருடம் துணைமின் நிலையங்களில் வேலை பார்த்தவன் நான். பச்சையடித்த இரும்புப் பெட்டி எல்லாம் டிரான்ஸ்பார்மர் என்றால் தெருக்கோடியில் இருக்கும் குப்பைத்தொட்டியும் டிரான்ஸ்பார்மர்தான்.

பெருக்கல்வாத்தியார்:
எட்டு முனை, முனைக்கு 250 கிலோவாட், மொத்தம் 2000 கிலோவாட். அந்தச் சின்னப் பெட்டி அதைத் தாங்காது. ஆகவே டிரான்ஸ்பார்மர் இல்லை. கணக்கு முடிந்தது.

செம்புக்கம்பி:
ஐயா, எனக்காகப் பேசுகிறீர்கள், சந்தோஷம். ஆனால் காரணம் தப்பு. எட்டு முனையும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இழுக்காது. 2019-இல் டெஸ்லா கொண்டுவந்த மூன்றாம் தலைமுறை சூப்பர்சார்ஜரில் (அவர்களுடைய விரைவு சார்ஜர்) ஒரு மின் அலமாரி நாலு முனைக்கு மின்சாரம் கொடுக்கும். ஒரு வண்டிக்கு உச்சம் 250 கிலோவாட், ஆனால் நாலு வண்டி நின்றால் அலமாரியில் இருப்பதைப் பங்கு போட்டுக்கொள்ளும். அதற்கு முந்தைய தலைமுறையில் இரண்டு இரண்டு முனையாக 150 கிலோவாட்டைப் பகிர்ந்தன. தவிர, பேட்டரி 80 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியே வேகத்தைக் குறைத்துக் கேட்கும். அதனால் டிரான்ஸ்பார்மர் 2000-க்கு இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தப் பெட்டி டிரான்ஸ்பார்மர் இல்லை.

பெருக்கல்வாத்தியார்:
நான் சொன்னதையேதான் சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள்.

தனித்தமிழன்:
இத்தனை பேர் இருக்கிறீர்கள், ஒருவருக்காவது "மின்மாற்றி" என்று எழுத வரவில்லையா?

செம்புக்கம்பி:
"சார்ஜிங்"குக்கு என்ன எழுதுவீர்கள்?

தனித்தமிழன்:
மின்னேற்றம்.

செம்புக்கம்பி:
சுவிட்ச்கியருக்கு?

தனித்தமிழன்:
யோசித்துச் சொல்கிறேன்.

செம்புக்கம்பி:
யோசியுங்கள். அதற்குள் நிலையமே திறந்துவிடும். 'புறவழி' கணக்குப்படி இல்லை, என் கணக்குப்படி.

குழாய்ப்பள்ளம்:
நான் இந்த மாதிரி இடங்களில் பள்ளம் வெட்டிக் குழாய் பதிக்கும் வேலை பார்ப்பவன். பெட்டியை விடுங்கள், குழாயைப் பாருங்கள். பெட்டி இருக்கும் மேடைக்குப் பக்கத்திலேயே இன்னொரு மேடை காலியாக இருக்கிறது. அதன் நடுவில் தடித்த குழாய்கள் வாய் மூடி நிற்கின்றன. அங்கே ஏதோ பெரிய சாமான் வர வேண்டியிருக்கிறது. கான்கிரீட்டும் புதுசு. முழு பலத்துக்கு 28 நாள் என்பது கணக்கு. அதற்கு முன்பே ஏற்றுவார்கள், ஆனால் நேற்று ஊற்றி இன்று ஏற்றமாட்டார்கள்.

புறவழி:
அந்தக் காலி மேடை மின் அலமாரிக்கு. டிரான்ஸ்பார்மர் ஏற்கெனவே வந்துவிட்டது. நாலு துடுப்பு.

செம்புக்கம்பி:
நாலு நிழல்.

சரி, வாதத்துக்கு அது டிரான்ஸ்பார்மர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இரண்டு வாரம் என்பது கனவு. மின்வாரியத்தார் வந்து உயர் அழுத்தக் கேபிளை முடித்துத் தர வேண்டும். மீட்டர் வேண்டும். எர்த் எதிர்ப்பை அளக்க வேண்டும், கேபிள் இன்சுலேஷனைச் சோதிக்க வேண்டும். மின்சாரம் வந்த பிறகு ஒவ்வொரு முனையிலும் வண்டியைச் செருகி, அது சார்ஜரோடு பேச்சுவார்த்தை நடத்திச் செருகியைப் பூட்டிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். தூண் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து நிலையம் முடிந்தது என்பவர்கள் மணமேடையைப் பார்த்துக் கல்யாணம் முடிந்தது என்பவர்கள்.

நடுநிலை:
நான் கேட்டது இதைத்தான்.

செம்புக்கம்பி:
நீங்கள் கேட்டது வேறு.

கடைசி5சதவீதம்:
9 சதவீதம். கயிறு கட்டிய உறை. மறக்கமாட்டேன்.

புறவழி:
உங்கள் பெயரே 'கடைசி5சதவீதம்'. 9-இல் போய் நின்றது உங்களுக்கு முன்னேற்றம்தானே?

கடைசி5சதவீதம்:
இதுதான் இவர் மன்னிப்புக் கேட்கும் அழகு. எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெருக்கல்வாத்தியார்:
2000 கிலோவாட் மணி என்பதை யாரும் மறுக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

செம்புக்கம்பி:
கிலோவாட் மணி இல்லை, கிலோவாட். ஒன்று ஆற்றல், இன்னொன்று திறன். வாத்தியார் என்று பெயர் வைத்துக்கொண்டு இப்படி எழுதக் கூடாது.

பெருக்கல்வாத்தியார்:
எழுத்துப் பிழையைப் பிடித்துத் தொங்குபவரிடம் விவாதிக்க எனக்கு நேரமில்லை. இந்தத் திரியிலிருந்து விலகுகிறேன்.

புறவழி:
இன்று காலை மறுபடி போனேன். பின்பக்கம் சுற்றிப் போய் எடுக்கலாம் என்று பார்த்தால் பெட்டியைத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார்கள். படம் இணைத்திருக்கிறேன். தார்ப்பாய் பின்பக்கம் புடைத்துக்கொண்டிருப்பதைக் கவனிக்கவும். துடுப்புகள்.

செம்புக்கம்பி:
காற்று.

பெருக்கல்வாத்தியார்:
புடைப்பு ஐந்து இருக்கிறது, நாலு இல்லை.