புதுப்பிப்பு: யோகோசுகா வந்துவிட்டோம், நாய் இன்னும் வரவில்லை

அமெரிக்கக் கடற்படையில் இருக்கும் என் கணவருக்கு ஜப்பானின் யோகோசுகா தளத்துக்கு மாற்றல் வந்தபோது, மகனையும் நாயையும் கையோடு கூட்டிச் செல்ல முடியுமா என்று உங்களிடம் கேட்டிருந்தேன். வந்து மூன்று வாரமாகிறது. நாய் மட்டும் சான் டியாகோவில், அக்கா வீட்டில்.

நாய்க்கு மாதக்கணக்கில் ஆகும் என்று நீங்கள் எச்சரித்தபடியே ஆயிற்று. மைக்ரோசிப், அதன் பிறகு இரண்டு வெறிநாய்த் தடுப்பூசிகள், பிறகு இரத்தப் பரிசோதனை. ஊசி போட்டதும் வேலை முடிந்தது என்று நம்பியிருந்தேன். இரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருக்க வேண்டும் என்பதுதான் பெரிய கணக்கு. அதற்கு முன் வந்தால் மீதி நாள்களுக்குத் தனிமைப்படுத்தல். அந்த வேதனையை அதற்குக் கொடுக்க மனம் வரவில்லை. ஜப்பானுக்கு மாற்றல் வரக்கூடும் என்று காதில் விழுந்தாலே நாய்க்கு ஊசிகளைப் போட்டு இரத்தத்தை எடுத்துவிடுங்கள், மாற்றல் ஆணைக்காகக் காத்திருக்காதீர்கள்.

மகனின் ஆஸ்துமாவை இங்கே கவனிக்க முடியும் என்று மருத்துவப் பரிசோதனையில் ஒப்புதல் கிடைத்தது. இன்னொன்று: கவனக்குறைவுக் கோளாறுக்குத் தரப்படும் ஆம்ஃபெட்டமின் மாத்திரைகளை மருத்துவர் சீட்டு இருந்தாலும் ஜப்பானுக்குள் கொண்டுவர முடியாது. பிள்ளைக்கு அந்த மருந்து கொடுப்பவர்கள் முன்பே மருத்துவரிடம் பேசி மாற்று மருந்து பார்த்துவிடுங்கள்.

நாய்க்கு இன்னும் 71 நாள். மகன் காலண்டரில் அடித்துக்கொண்டு வருகிறான்.