சிஎஸ்வி ஃபைல்ல தமிழ் பேரெல்லாம் உடைஞ்சு வருது, எக்ஸெல்லயே சமாளிக்கலாமா இல்ல பைதான் கத்துக்கணுமா?

காலைத்தூரல்:
எல்லாருக்கும் வணக்கம். சில நூலகங்களுக்குப் பொதுவா ஒரு உறுப்பினர் பட்டியல் பராமரிக்கற வேலை என்கிட்ட இருக்கு. ஒவ்வொரு கிளையும் மாசாமாசம் ஒரு ஃபைல் அனுப்புவாங்க, பாதிப்பேர் சிஎஸ்வி (கமா போட்டுப் பிரிச்ச வெறும் எழுத்து ஃபைல்), மீதிப்பேர் எக்ஸெல், ஒண்ணு ரெண்டு கிளை இன்னும் பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைல்தான் அனுப்புறாங்க, அதையெல்லாம் சேர்த்து ஒரே பட்டியலா ஆக்கி டூப்ளிகேட் எடுத்துட்டு குடுக்கணும். இப்ப வரைக்கும் காப்பி பேஸ்ட்லதான் ஓடுது.

பிரச்சனை என்னன்னா சிஎஸ்விய டபுள் க்ளிக் பண்ணி திறந்தா தமிழ் பேர் இருக்கற இடத்துல என்னென்னமோ எழுத்து வருது. சில ஃபைல்ல வெறும் கேள்விக்குறியா ????? இப்படி வருது. உறுப்பினர் எண் சைபர்ல ஆரம்பிச்சா அந்த சைபர் காணாம போயிடுது. அப்புறம் ரிமூவ் டூப்ளிகேட்ஸ் குடுத்தாலும் ஒரே பேர் ரெண்டு தடவை நிக்குது, பார்த்தா எழுத்துக்கு எழுத்து ஒண்ணாதான் இருக்கு. மேக்ரோ எழுதலாம்னு எக்ஸெல்லுக்குள்ளயே ப்ரோக்ராம் எழுதற விபிஏ திறந்து தமிழ்ல ஒரு வார்த்தை டைப் பண்ணா அங்கயும் கேள்விக்குறி.

தெரிஞ்சவங்ககிட்ட கேட்டா ஒருத்தர் பைதான்ங்கறார், ஒருத்தர் ஆர் கத்துக்கோங்கறார், இன்னொருத்தர் ஜாவாஸ்கிரிப்ட் தெரிஞ்சா எதுக்கும் ஆகும்ங்கறார். ப்ரோக்ராமிங் படிச்சதில்ல, ஆனா உக்காந்து கத்துக்க தயார். எதுல ஆரம்பிக்கட்டும்?

அரைப்புள்ளி:
லேங்குவேஜ் எதுங்கறத கொஞ்சம் தள்ளி வைங்க. நீங்க சொன்னதுல நாலு தனித்தனி பிரச்சனை இருக்கு, அதுல ரெண்டுக்கு எந்த லேங்குவேஜும் வேண்டாம்.

முதல்ல உடைஞ்ச எழுத்து. நல்லா உத்துப் பாருங்க, தலையில சாய்ஞ்ச கோடு போட்ட ஆங்கில ஏ, அதுக்குப் பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர், இந்த ஜோடி திரும்பத் திரும்ப வருதா? வந்தா சந்தோஷப்படுங்க, ஃபைல் முழுசா நல்லா இருக்குன்னு அர்த்தம். யூடிஎஃப்-8ங்கறது எழுத்த ஃபைல்ல பைட்டா எழுதி வைக்கற ஒரு முறை, அதுல ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூணு பைட், முதல் பைட் எப்பவுமே ஒண்ணுதான், ரெண்டாவது பைட் ரெண்டே ரெண்டுல ஒண்ணு, அதனாலதான் ஒரே ஜோடி மாறி மாறி வருது. எக்ஸெல் அத யூடிஎஃப்-8ன்னு தெரியாம பழைய விண்டோஸ் எழுத்து அட்டவணைய வெச்சுப் படிக்குது, அவ்வளவுதான். கட்டம் கட்டமா வந்தா அது ஃபான்ட் இல்லாத பிரச்சனை, டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகல.

ஆனா கேள்விக்குறி வந்தா கதையே வேற. அங்க பேர் அழிஞ்சே போச்சு, எந்த சாஃப்ட்வேரும் திருப்பித் தராது. அந்தக் கிளையில யாரோ எக்ஸெல்ல சேவ் ஆஸ் போய் சாதாரண சிஎஸ்வின்னு இருக்கறத எடுத்திருக்காங்க. அதுக்குப் பக்கத்துலயே சிஎஸ்வி யூடிஎஃப்-8னு தனியா ஒண்ணு இருக்கும், அதுல சேவ் பண்ணி திருப்பி அனுப்பச் சொல்லுங்க. இல்லன்னா எக்ஸெல் ஃபைலாவே அனுப்பச் சொல்லுங்க, அதுல இந்தத் தொல்லையே கிடையாது.

வந்த சிஎஸ்விய இனிமே டபுள் க்ளிக் பண்ணாதீங்க. எக்ஸெல்ல வெத்து ஷீட் திறந்து டேட்டா மெனுவுல ஃப்ரம் டெக்ஸ்ட் சிஎஸ்வின்னு இருக்கும், அதுல போய் ஃபைல் ஆரிஜின்ங்கற இடத்துல 65001 யூடிஎஃப்-8 எடுங்க. பக்கத்துலயே டேட்டா டைப் கண்டுபிடிக்க வேண்டாம்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதையும் எடுத்தீங்கன்னா சைபர் போகாது. லிப்ரேஆஃபிஸ் கால்க் வெச்சிருந்தா இன்னும் சுலபம், சிஎஸ்வி திறக்கும்போதே எழுத்து முறை என்னன்னு அதுவே கேக்கும்.

ஒண்ணு மட்டும் ரொம்ப முக்கியம். உடைஞ்சு தெரியற நிலைமையில சேவ் குடுத்துடாதீங்க, குடுத்தா அந்த உடைஞ்ச எழுத்தே ஃபைலுக்குள்ள போய் உக்காந்துடும்.

நெடுவரிசை:
மேல சொன்னதோட சேர்த்து இது. ஃபைல் எல்லாத்தையும் சேர்க்கறதுக்கும் பைதான் தேவையில்ல, பல ஃபைல்லேர்ந்து டேட்டா இழுத்துச் சேர்க்கற பவர் கொயரி போதும். எக்ஸெல் 2016லேர்ந்து உள்ளயே இருக்கு. எல்லா கிளை ஃபைலையும் ஒரு ஃபோல்டர்ல போட்டு கெட் டேட்டா, ஃப்ரம் ஃபோல்டர் குடுத்தா ஒரே பட்டியலா கோத்துடும், அடுத்த மாசம் புது ஃபைலப் போட்டு ரெஃப்ரெஷ் அடிச்சா போதும். சிஎஸ்விக்கு ஒரு ஃபோல்டர், எக்ஸெல்லுக்கு ஒரு ஃபோல்டர்னு பிரிச்சு வைங்க, கலந்து வெச்சா தகராறு பண்ணும். கிளைகள் எல்லாம் ஒரே தலைப்பு வெச்சிருக்கணும், ஒருத்தர் பெயர்னும் இன்னொருத்தர் உறுப்பினர் பெயர்னும் போட்டா ஒருத்தரோட பேர் பத்தி காலியா நிக்கும்.

பழைய எக்ஸ்எல்எஸ் அனுப்புறவங்கள மட்டும் எப்படியாவது மாத்துங்க. அந்த ஃபார்மட்ல 65,536 வரிக்கு மேல கிடையாது, புதுசுல 10,48,576. 2020ல இங்கிலாந்துல கொரோனா பாசிட்டிவ் ரிசல்ட்ட எக்ஸ்எல்எஸ் ஃபைல்ல வாங்கிட்டிருந்தப்ப வரி நிரம்பிப்போய் 15,841 பேரோட கணக்கு விட்டுப்போச்சு, அவங்களோட பழகினவங்களுக்கு தகவல் போறதும் தள்ளிப்போச்சு. நூலகப் பட்டியல் அவ்வளவு பெருசா இருக்காதுதான், ஆனா சேர்த்த பட்டியல நாளைக்கு யாராவது பழைய ஃபார்மட்லயே சேவ் பண்ணி வெச்சா என்ன ஆகும்?

விபிஏ வேண்டவே வேண்டாம். அந்த எடிட்டர், எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுக்கற யூனிகோட் வர்றதுக்கு முன்னாடி காலத்து அமைப்பு, தமிழுக்கு விண்டோஸ்ல பழைய கோட்பேஜே, அதாவது எழுத்து அட்டவணையே, கிடையாது, அதனால அதுக்குள்ள தமிழ் தெரியவே தெரியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் நம்பர் குடுத்துதான் எழுத முடியும்.

ஏட்டுச்சுவடி:
பவர் கொயரி சரிதான், ஆனா அவங்க கத்துக்க தயார்னு சொல்றாங்களே, அத ஏன் தடுக்கணும். என் ஓட்டு பைதானுக்கு, காரணத்தோட சொல்றேன். ஆர் புள்ளிவிவர வேலைக்குன்னே பிறந்தது, கணக்கு வரைபடம்னு போனா அருமையா இருக்கும், பேர் திருத்தற வேலைக்கு அது சுத்து வழி. ஜாவாஸ்கிரிப்ட் பிரௌசருக்குள்ள ராஜா, ஆனா கம்ப்யூட்டர்ல இருக்கற ஃபோல்டரத் திறந்து படிக்கணும்னா நோட்.ஜேஎஸ் மாதிரி இன்னொரு சாஃப்ட்வேர முதல்ல போட்டுக்கணும். பைதான்ல சிஎஸ்வி படிக்கறது, யூனிகோட் சரிபண்றது, எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் எல்லாமே கூடவே வருது, எதையும் தனியா இன்ஸ்டால் பண்ண வேண்டாம். புது ஃபார்மட் எக்ஸெல் ஃபைல் படிக்க மட்டும் ஓப்பன்பைஎக்ஸ்எல்னு ஒண்ணு சேர்த்துக்கணும்.

இதவிடப் பெரிய காரணம் ஒண்ணு இருக்கு. பக்கத்துல கேக்க ஆள் இருக்கற லேங்குவேஜத்தான் முதல்ல எடுக்கணும். உங்களுக்கு ஆர் சொன்னவர் தினமும் உக்காந்து சொல்லித்தருவார்னா தாராளமா ஆர் எடுங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன்.

ஆரம்பிக்கறப்ப எல்லாரும் தடுக்கி விழற இடம் ரெண்டு மூணு சொல்லிடறேன். விண்டோஸ் கமாண்ட் விண்டோல பைதான்னு அடிச்சா சில மெஷின்ல மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கும், அப்ப பை-ன்னு ரெண்டு எழுத்து மட்டும் அடிச்சுப் பாருங்க, இல்லன்னா செட்டிங்ஸ்ல ஆப் எக்ஸிக்யூஷன் அலியாஸ்ல போய் அத ஆஃப் பண்ணுங்க. உங்க ஸ்கிரிப்டுக்கு சிஎஸ்வின்னே பேர் வைக்காதீங்க, வெச்சா பைதான் தன்னோட சிஎஸ்விய விட்டுட்டு உங்க ஃபைலயே எடுத்துட்டு வந்து இதுல அந்த வசதி இல்லயேன்னு எரர் காட்டும், ஏன்னே புரியாது. இன்டர்நெட்ல பழைய பாடம் கிடைச்சா ப்ரின்ட்டுக்கு அடைப்புக்குறி இருக்கான்னு பாருங்க, இல்லன்னா அது பைதான் 2, அதுக்கு 2020 ஜனவரி 1ஓட ஆதரவு நின்னுபோச்சு, மூடிட்டு வேற பாடம் தேடுங்க.

காலைத்தூரல்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். அந்த ஏவும் வட்டத்துக்குள்ள ஆரும் அப்படியே வருது, 65001 எடுத்ததும் தமிழ் சரியா வந்துடுச்சு, சைபரும் நிக்குது! கேள்விக்குறி வந்த கிளைகள்ல மறுபடி கேட்டிருக்கேன். பவர் கொயரில ஃபோல்டர் சேர்க்கறதும் ஓடுது.

டூப்ளிகேட் மட்டும் அப்படியே இருக்கு. சேர்த்த பட்டியல சிஎஸ்வி யூடிஎஃப்-8ல சேவ் பண்ணி பைதான்ல படிக்கப் பார்த்தேன், சார்மேப் கோடெக், பைட் 0எக்ஸ்8டி படிக்க முடியலன்னு எரர். வேற ஃபைல் குடுத்தா 0எக்ஸ்81ங்குது. ஃபைல் கெட்டுப்போச்சா?

அரைப்புள்ளி:
கெடல. அந்த 8டி யாருன்னு தெரியுமா, நம்ம மெய்யெழுத்துப் புள்ளிதான். புள்ளியோட மூணு பைட்ல கடைசி பைட் அது. 81ங்கறது உகரக் குறியோட கடைசி பைட். நீங்க எழுத்து முறை சொல்லாததால பைதான் விண்டோஸோட பழைய 1252 அட்டவணைய வெச்சுப் படிக்குது, அதுல அந்த ரெண்டு இடமும் காலி, அதனால அங்க வந்து நின்னுடுது. புள்ளியும் உகரமும் இல்லாம தமிழ்ல ஒரு வரி எழுத முடியாதே, அதான் எந்த ஃபைல் குடுத்தாலும் முட்டுது.

ஓப்பன் குடுக்கற இடத்துல என்கோடிங் சொல்லணும். வெறும் யூடிஎஃப்-8 போடாதீங்க, யூடிஎஃப்-8க்கு அப்புறம் ஒரு ஹைஃபன் வெச்சு சிக்னு போடுங்க, சிக்னேச்சர்ங்கறதோட முதல் மூணு எழுத்து. எக்ஸெல் யூடிஎஃப்-8னு சேவ் பண்றப்ப ஃபைல் தலையில கண்ணுக்குத் தெரியாத மூணு பைட் வைக்கும், வெறும் யூடிஎஃப்-8ல படிச்சா அது முதல் பத்தியோட பேர்ல ஒட்டிக்கும், அப்புறம் உறுப்பினர் எண்ணுன்னு ஒரு பத்தியே இல்லன்னு எரர் வரும், ஸ்க்ரீன்ல பார்த்தா இருக்கும். சிக் போட்டா அத உரிச்சுட்டுப் படிக்கும், இல்லாத ஃபைலயும் ஒழுங்கா படிக்கும். எழுதறப்பவும் அதையே போடுங்க, எக்ஸெல் டபுள் க்ளிக்லயே தமிழ் சரியா வரும். எழுதற ஓப்பன்ல நியூலைன்ங்கறதுக்கு வெறும் மேற்கோள் குறி குடுங்க, இல்லன்னா விண்டோஸ்ல வரிக்கு வரி நடுவுல ஒரு காலி வரி வரும்.

ஏட்டுச்சுவடி:
டூப்ளிகேட்டுக்கு நான் வரேன், இது தமிழ்ல வேலை பண்ற எல்லாருக்கும் வர்றது. கோபால்னு ரெண்டு வரி இருக்குன்னு வைங்க. ஒண்ணுல ஓகாரக் குறி ஒரே குறியா இருக்கும். இன்னொண்ணுல முன்னாடி வர்ற இரட்டைக் கொம்பு தனி, பின்னாடி வர்ற கால் தனின்னு ரெண்டு குறியா இருக்கும். ஸ்க்ரீன்ல ஒரு வித்தியாசமும் தெரியாது, கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற பேர். ரெண்டு பேரையும் பைதான்ல லென் குடுத்து நீளம் பாருங்க, ஒண்ணு 6 காட்டும் ஒண்ணு 7 காட்டும். யூனிகோட்டேட்டான்னு ஒரு மாட்யூல் கூடவே வருது, அதுல நார்மலைஸ், என்எஃப்சின்னு குடுத்தா ரெண்டையும் ஒண்ணாக்கிடும். படிச்ச உடனே எல்லா பேருக்கும் இத ஓட்டுங்க, கூடவே ஸ்ட்ரிப் போட்டு முன்பின் ஸ்பேஸ எடுங்க. அகலமே இல்லாத ஸ்பேஸ், 200பி 200சின்னு ரெண்டு இருக்கு, அத ஸ்ட்ரிப் எடுக்காது, ரீப்ளேஸ் போட்டு தனியா எடுக்கணும்.

காலைத்தூரல்:
அப்படியே 6ம் 7ம் காட்டுச்சு! என்எஃப்சி ஓட்டினதும் நிறைய போயிடுச்சு. கௌரி மட்டும் இன்னும் ரெண்டா நிக்குது, நீளம் பார்த்தா ஒண்ணு 4 காட்டுது, இன்னொண்ணு 5 காட்டுது, எப்படி?

ஏட்டுச்சுவடி:
அது ஔகாரம். சிலர் ஔகாரக் குறிக்கு பதிலா ஒற்றைக் கொம்பு போட்டு பக்கத்துல ளகரத்த அடிச்சுடறாங்க, கெளரின்னு. இத என்எஃப்சி தொடாது, ஏன்னா அது நிஜமாவே வேற எழுத்து. இப்படி ஒற்றைக் கொம்பும் ளகரமும் சேர்ந்து வர்ற இடத்தையெல்லாம் ஔகாரமா மாத்திடலாம்னு போயிடாதீங்க, தெளிவு கெளுத்தி எல்லாம் சிதைஞ்சுடும். ளகரத்துக்கு அப்புறம் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடத்த மட்டும் எடுங்க, கெளரி செளந்தர் ரெண்டும் அதுல சிக்கும். அப்பவும் வெளக்குன்னு பேச்சு வழக்குல எழுதினது மாட்டும், அதனால மாத்தினத ஒரு தனி பத்தியில போட்டு கண்ணால ஒரு தடவை பாருங்க. வார்த்தைய பிரிக்க ரெஜெக்ஸ், அதாவது எழுத்து அமைப்ப வெச்சுத் தேடற முறை, போடறதா இருந்தா பைதானோட ரீ மாட்யூல்ல வார்த்தை எழுத்துன்னு போடற டபிள்யூ குறி நம்ம உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தா எடுத்துக்காது, பேர நடுவுல வெட்டிடும். ரெஜெக்ஸ்ங்கற பேர்லயே தனி மாட்யூல் இருக்கு, அது ஒழுங்கா எடுக்கும்.

நெடுவரிசை:
ஒரு வேண்டுகோள், பேர் ஒண்ணா இருக்குன்னு மட்டும் வெச்சு எந்த வரியையும் அழிச்சுடாதீங்க. ஒரே ஊர்ல ரெண்டு கௌரி இருப்பாங்க, ஒருத்தரோட உறுப்பினர் கணக்கு போயிடும், அவங்க புத்தகம் எடுக்க வர்றப்பதான் தெரியும். பேரும் போன் நம்பரும் ரெண்டும் ஒத்துப்போனா மட்டும் சேருங்க. பேர் மட்டும் ஒத்துப்போறத தனி ஷீட்ல போட்டு அந்தந்த கிளைக்கு அனுப்புங்க, ஆளத் தெரிஞ்சவங்க சொல்லட்டும். கிளை அனுப்பின ஒரிஜினல் ஃபைல மாசவாரியா ஒரு ஃபோல்டர்ல தொடாம வைங்க, ஸ்கிரிப்ட் அதுலேர்ந்து படிச்சு வேற ஃபோல்டர்ல எழுதட்டும்.

காலைத்தூரல்:
சரிங்க, போன் நம்பரோட சேர்த்துதான் பண்றேன். பேர் மட்டும் ஒத்துப்போற பட்டியல பிரிச்சாச்சு, இன்னிக்கே கிளைகளுக்கு அனுப்பிடறேன்.