உலக நியூஸ் பாக்குறத நிறுத்திட்டேன், இது தப்பா?

மழைக்காத்து:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்குற விஷயம், இங்க கேட்டா யாராச்சும் பொறுமையா பதில் சொல்வீங்கன்னு எழுதுறேன்.

2020ல கொரோனா சமயத்துல ஆரம்பிச்சது எனக்கு இந்தப் பழக்கம். காலைல கண்ணு முழிச்சதும் போன், ராத்திரி தூங்குற வரைக்கும் போன், இன்னைக்கு எத்தன கேஸ் எத்தன சாவுன்னு பாத்துட்டே இருப்பேன். அது ஓஞ்சுச்சுன்னு பாத்தா 2022 பிப்ரவரில உக்ரைன் போர், அடுத்த வருஷம் ஏப்ரல்ல சூடான், அக்டோபர்ல இஸ்ரேல், காசா. இடிஞ்ச கட்டடத்துக்கு அடியிலேருந்து குழந்தைய எடுக்குற வீடியோவ பாத்துட்டு அப்படியே எழுந்து போய் என் பொண்ணுக்கு ஹோம்வொர்க் சொல்லிக்குடுக்க உக்காருவேன், கையெல்லாம் நடுங்கும், ஏம்மா அழுதியான்னு கேப்பா, என்ன சொல்றது அவகிட்ட.

இப்ப மூணு மாசமா சுத்தமா நிறுத்திட்டேன். ஆப் எல்லாம் எடுத்தாச்சு. நல்லா தூங்குறேன், பொய் சொல்லல. ஆனா போன வாரம் எங்க அண்ணன் ஒண்ணு சொன்னாரு, "அங்க சாகுறவங்களால நிறுத்த முடியாது, உன்னால முடியும், அதனால நிறுத்திட்ட"ன்னு. கோவமா கூட சொல்லல, சாதாரணமாதான் சொன்னாரு. அது தூங்கும்போதும் குத்துது.

நான் தெரிஞ்சு வச்சிருக்குறதால அங்க ஒரு குண்டு கூட கொறையப் போறதில்ல. அப்ப எதுக்கு தெரிஞ்சுக்கணும்? வாதம் பண்ண கேக்கல, நிஜமாவே தெரியாமதான் கேக்குறேன்.

ஓரத்துல_ஒருத்தன்:

நீங்க செஞ்சது தப்பே இல்லங்க. 2013ல பாஸ்டன் மாரத்தான்ல குண்டு வெடிச்சுதுல்ல, அதுக்கப்புறம் ஒரு ஆய்வு பண்ணாங்க, அந்த வாரம் முழுக்க தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல அந்தச் செய்தியையே பாத்துட்டு இருந்தவங்களுக்கு, நேர்ல அந்த எடத்துல இருந்தவங்கள விட அதிகமா மன அழுத்த அறிகுறிகள் இருந்துச்சாம். நேர்ல இருந்தவன விட டிவில பாத்தவனுக்கு! அதையே திருப்பித் திருப்பி காட்டுறாங்க இல்ல, உடம்புக்கு அது ஒரு தடவ நடந்ததுன்னு தெரியாது.

தவிர நீங்க மட்டும் இல்ல. ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிட்யூட் வருஷா வருஷம் பல நாட்டுல சர்வே எடுக்குறாங்க, நியூஸ அப்பப்ப வேணும்னே தவிர்க்கிறோம்னு சொன்னவங்க 2017ல 29 சதவீதம், 2024ல 39 சதவீதம். இவ்வளவு பேரும் மனசாட்சி இல்லாதவங்களா? முதல்ல உங்க உடம்ப பாருங்க, அண்ணன்கிட்ட அப்புறம் பேசிக்கலாம்.

பழைய_சப்எடிட்டர்:

நான் பதினோரு வருஷம் ஒரு பேப்பர்ல வெளிநாட்டுச் செய்தி பாத்தவன், அதனால உள்ள இருந்து ஒரு விஷயம் சொல்றேன். ராத்திரி ஷிப்ட்ல ஏஜென்சி செய்தி நூத்துக்கணக்குல வந்து விழும், அதுல எத எடுக்குறதுன்னு முடிவு பண்ண நாங்க கேக்குற முதல் கேள்வி "நேத்திலிருந்து என்ன மாறிச்சு?" அவ்ளோதான். நேத்து மாதிரியே இன்னைக்கும் இருந்தா அது செய்தி இல்ல, அது எவ்ளோ பெரிய கொடுமையா இருந்தாலும் சரி, எவ்ளோ பெரிய நல்லதா இருந்தாலும் சரி.

இத யோசிச்சுப் பாருங்க. 1990ல அஞ்சு வயசு ஆகறதுக்குள்ள செத்துப்போன குழந்தைங்க உலகம் முழுக்க ஒரு கோடியே இருவத்தஞ்சு லட்சத்துக்கும் மேல. 2022ல அது 49 லட்சம். தடுப்பூசி, உப்பு சர்க்கரை கரைசல், சுத்தமான தண்ணி, பிரசவம் பாக்க ஆளு, இப்படி கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சது. மனுஷன் செஞ்ச வேலைலயே பெரிய வேலை இதுதான்னு நான் நெனைக்கிறேன், ஆனா நான் வேலை பாத்த இத்தன வருஷத்துல ஒரு நாள் கூட இது முதல் பக்கத்துக்கு வரல, ஏன்னா எந்த ஒரு நாள்லயும் இது "நடக்கல". இன்னொரு பக்கம் சூடான். ஒரு கோடிக்கு மேல ஜனங்க வீட்ட விட்டு ஓடிப் போயிருக்காங்க, ஆனா கேமரா உள்ள போக முடியல, அதனால உங்க போனுக்கு அது கொஞ்சமாதான் வந்திருக்கும்.

அதனால நீங்க நிறுத்தினது உலகத்த தெரிஞ்சுக்குறத இல்ல, உலகம் குலுங்குற சத்தத்த மட்டும் கேட்டுட்டு இருந்தீங்க, அத நிறுத்தியிருக்கீங்க. இது வேற அது வேற. வாரத்துக்கு ஒரு நாள், வீடியோ இல்லாம, எழுத்துல மட்டும், ரெண்டு மூணு விஷயத்த எடுத்துக்கிட்டு மாசக்கணக்கா தொடர்ந்து படிங்க. உதாரணத்துக்கு 2023 கடைசில ஏமன் நாட்டு ஆயுதக் குழுவான ஹௌதிங்க செங்கடல்ல கப்பல தாக்க ஆரம்பிச்சாங்க, கம்பெனிங்க எல்லாம் சூயஸ விட்டுட்டு ஆப்பிரிக்காவ சுத்தி நன்னம்பிக்கை முனை வழியா கப்பல திருப்பிட்டாங்க. இத நிமிஷத்துக்கு நிமிஷம் பாத்தவருக்கு ஏவுகணை மட்டும்தான் தெரியும், மாசத்துக்கு ஒரு தடவ நிதானமா படிச்சவருக்கு ஏமன் எங்க இருக்கு, அங்க 2014லேருந்து என்ன நடக்குது, நாம ஆர்டர் பண்ண பொருள் ஏன் பத்து நாள் லேட்டா வருதுன்னு எல்லாம் தெரியும்.

கரிசல்குரல்:

மேல சொன்னவங்க சொன்னது சரிதான், ஆனா "நான் தெரிஞ்சுக்குறதால ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னீங்களே, அத மட்டும் என்னால ஒத்துக்க முடியல.

1943 வங்காளப் பஞ்சம். லட்சக்கணக்குல ஜனங்க பட்டினில செத்துட்டு இருந்தப்போ பிரிட்டிஷ் அரசாங்கம் அத பஞ்சம்னு சொல்லவே இல்ல, போர்க்கால சென்சார் வேற, பேப்பர்ல வெளிப்படையா எழுத விடல. கல்கத்தாவுல ஸ்டேட்ஸ்மன் பேப்பருக்கு எடிட்டரா இருந்தவர் இயன் ஸ்டீபன்ஸ், அவரும் ஒரு வெள்ளக்காரர்தான். சென்சார் விதில போட்டோ பத்தி ஒண்ணும் இல்லன்னு கவனிச்சு, தெருவுல கெடந்த ஜனங்களோட போட்டோவ ஆகஸ்ட் 22ம் தேதி போட்டுட்டாரு. அது வெளிநாடு வரைக்கும் போச்சு, அதுக்கப்புறம் பஞ்சமே இல்லன்னு மழுப்ப முடியல. அக்டோபர்ல புதுசா வந்த வைஸ்ராய் வேவல் ராணுவத்த எறக்கி நிவாரணம் குடுக்க வச்சாரு. லேட்டுதான், அதுக்குள்ள எத்தனையோ பேர் போய்ட்டாங்க. அப்ப சின்னப் பையனா அந்தப் பஞ்சத்த பாத்த அமர்த்தியா சென் பின்னாடி சொன்னது, தேர்தலும் சுதந்திரமான பத்திரிகையும் ஒழுங்கா இருக்குற நாட்டுல பெரிய பஞ்சம் வந்ததில்லன்னு. பத்திரிகை இருந்தா போதுமா, அத படிக்கிறவன் இருக்கணும்ல? தெரிஞ்சவன் ஒருத்தனால ஒண்ணும் ஆகாது, தெரிஞ்சவங்க நெறைய பேர் இருக்காங்கன்னு தெரிஞ்சாதான் ஆட்சில இருக்குறவன் நகருறான்.

இன்னொண்ணு, 1974ல ரெண்டு விஞ்ஞானிங்க, மொலினாவும் ரோலண்டும், ஸ்ப்ரே கேன்ல இருந்து வர்ற கேஸ் ஓசோன அரிக்கும்னு எழுதினாங்க. அப்ப ஓசோன்ல ஓட்டையே கண்டுபிடிக்கல, அது 1985ல. ஆனா செய்திய படிச்சிட்டு அமெரிக்காவுல சாதாரண ஜனங்க அந்த ஸ்ப்ரே வாங்குறத கொறச்சிட்டாங்க, 1978ல அங்க ஸ்ப்ரேக்கு தடை வந்துச்சு, 1987ல மான்ட்ரியல் ஒப்பந்தம். அவங்க யாரும் ஓசோன கண்ணால பாத்தவங்க இல்ல, பேப்பர்ல படிச்சவங்க.

மழைக்காத்து:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சப்எடிட்டர் சார், நீங்க சொன்ன "குலுங்குற சத்தம்" எனக்கு அப்படியே பொருந்துது. கரிசல்குரல், உங்க பதில ரெண்டு தடவ படிச்சேன், ஆனா ஸ்ப்ரேன்னா வாங்காம இருக்கலாம், போருக்கு நான் எத வாங்காம இருக்குறது? என்னால எதுவுமே பண்ண முடியாத விஷயத்த தெரிஞ்சு வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும், அதுக்குதான் எனக்கு இன்னும் பதில் கெடைக்கல.

வன்னிமகள்:

அக்கா, நான் இஞ்ச எழுதுறது குறைவு. உங்கட கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒண்டு சொல்லுறன்.

2009ல நான் வெளிநாட்டில, அம்மாவும் தங்கச்சியும் இலங்கையில சண்டை நடந்த வன்னிக்குள்ள. அதுக்கு முந்தின வருசம் செப்டம்பரிலயே ஐநாவையும் தொண்டு நிறுவனங்களையும் அரசாங்கம் வெளியில போகச் சொல்லிப்போட்டுது, போகாதேங்கோ எண்டு சனம் அவையின்ர வாசலில நிண்டு கேட்டது. பத்திரிகைக்காரரையும் சுதந்திரமா உள்ள விடேல்ல. மாசக்கணக்கா எனக்கு ஒரு தகவலும் இல்லை. காலமை எழும்பி வேலைக்குப் போவன், வருவன், அங்க ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது, எல்லாரும் வழமை மாதிரிச் சிரிச்சுக் கதைப்பினம். சனம் சாகிறது ஒரு பக்கம், அது நடக்கவே இல்லை எண்ட மாதிரி உலகம் இருக்கிறது இன்னொரு பக்கம், ரெண்டாவதும் ஒரு விதமான சாவு தான்.

ஏப்ரலில ஒருநாள் என்னோட வேலை செய்யிற ஒரு வயசான மனிசி, எங்கட பாசை ஒரு சொல்லும் தெரியாதவ, பக்கத்தில வந்து இருந்து "உங்கட ஆக்கள் எங்க இருக்கினம், சுகமா இருக்கினமோ" எண்டு கேட்டவ. பேப்பரில ஒரு சின்னச் செய்தி வாசிச்சவவாம். அவவால ஒண்டும் செய்ய ஏலாது, அது எனக்கும் தெரியும். ஆனா அண்டைக்குத் தான் நான் முதன்முதலா வாய்விட்டு அழுதனான். தங்கச்சி பிறகு முகாமில இருந்து கிடைச்சா. அம்மா இல்லை.

நீங்கள் எல்லா வீடியோவையும் பாக்கத் தேவையில்லை அக்கா. அந்த மனிசியும் பாக்கேல்ல. ஒரு சின்னச் செய்தியை முழுசா வாசிச்சவ, அவ்வளவு தான்.

மழைக்காத்து:

தங்கச்சி, என்ன எழுதுறதுன்னே தெரியல. உங்க அம்மாவ நெனச்சுக்கிறேன்.

அண்ணனுக்கு போன் பண்ணி இத படிச்சு காட்டினேன், அவரும் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

என் பொண்ணோட க்ளாஸ்ல இந்த வருஷம் புதுசா ஒரு பையன் சேந்திருக்கான், சூடான்லேருந்து வந்த குடும்பம். அவங்க அம்மாவ ஸ்கூல் கேட் பக்கத்துல தெனமும் பாக்குறேன், ஒரு தடவ சிரிச்சிருக்கேன், அதுக்கு மேல எதுவும் கேட்டதில்ல. சப்எடிட்டர் சார், சூடான் பத்தி எதுவுமே தெரியாதவங்க எங்கேருந்து ஆரம்பிக்கணும்?

பழைய_சப்எடிட்டர்:

மேப்லேருந்து ஆரம்பிங்க. முதல்ல கார்ட்டூம், ரெண்டு நைல் நதியும் சேர்ற எடம், போர் 2023 ஏப்ரல் 15ல அங்கதான் வெடிச்சது. அப்புறம் மேற்க டார்ஃபூர், எல் ஃபாஷர், அங்கேருந்து சாட் நாட்டு எல்லை, ஜனங்க நடந்து போன வழி அது. சண்ட போடுறது ரெண்டு பேர், ராணுவத் தளபதி புர்ஹான், ஆர்எஸ்எஃப்ங்குற துணைப்படையோட தலைவர் ஹெமெட்டி. ரெண்டு பேரும் சேந்துதான் 2021 அக்டோபர்ல ஆட்சிய புடிச்சாங்க, அத மனசுல வச்சுக்கிட்டா மத்ததெல்லாம் பின்னாடி புரியும். இந்த வாரத்துக்கு இது போதும்.

அந்த அம்மாகிட்ட எதையும் தோண்டிக் கேக்காதீங்க. சூடான்ல எந்த ஊர்னு மட்டும் கேளுங்க, ஊர் பேர சொன்னா அது எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்.