ஏடிபிஎல் தேர்வுக்கு எந்த ஆழத்தில் படிக்க வேண்டும்?

திருமங்கலத்தான்:
அனைவருக்கும் வணக்கம். சிபிஎல் எனும் வணிக விமானி உரிமம் பெற்றுத் துணை விமானியாகப் பணியாற்றுகிறேன். தலைமை விமானியாவதற்கான ஏடிபிஎல் உரிமத்துக்கு 21 வயதும் 1,500 மணி நேரப் பறத்தலும் வேண்டும் என்பதால், மணிக்கணக்கு சேருவதற்குள் எழுத்துத் தேர்வுகளை முடித்துவிட நினைக்கிறேன். நேவிகேஷன் (வழி கணித்தல்), மெட்டியராலஜி (வானிலையியல்), ரேடியோ எய்ட்ஸ் (வானொலி வழிகாட்டுக் கருவிகள்) மூன்றும் சிபிஎல் காலத்தில் படித்தவைதாம். கேள்வி வங்கியை மனப்பாடம் செய்தாலே 70 விழுக்காடு வந்துவிடும் என்கிறார்கள் நண்பர்கள். அது போதுமா, அல்லது பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டுமா?

பெருங்குடி ஓடுதளம்:
தம்பி, தேர்வில் தேறுவதற்கு ஒருவேளை அது போதும். தலைமை விமானியின் இருக்கையில் உட்காருவதற்குப் போதாது. சிபிஎல்லில் தனித்தனியாகப் படித்தவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கப் பழகுவதுதான் ஏடிபிஎல் படிப்பு.

நம் மதுரை விமான நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடுதளம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 460 அடி உயரத்தில் இருக்கிறது. மே மாதப் பிற்பகலில் வெப்பம் 40 டிகிரி, கியூஎன்எச், அதாவது கடல் மட்டத்துக்குக் கணக்கிட்ட காற்றழுத்தம், 1005 என்று வைத்துக்கொள்வோம். இது திட்ட அழுத்தமான 1013-க்கு 8 ஹெக்டோபாஸ்கல் குறைவு. ஒன்றுக்கு 27 அடி வீதம் கூட்டினால் பிரஷர் ஆல்டிட்யூட், அதாவது திட்ட அழுத்தத்தை வைத்துக் கணக்கிட்ட உயரம், ஏறத்தாழ 680 அடி. அந்த உயரத்தில் ஐஎஸ்ஏ எனும் திட்ட வளிமண்டலத்தின் வெப்பம் 13.6 டிகிரிதான். மீதமுள்ள 26.4 டிகிரியை, டிகிரிக்கு 120 அடி வீதம் பெருக்கிக் கூட்டினால் டென்சிட்டி ஆல்டிட்யூட், அதாவது காற்றின் அடர்த்திக்கு ஈடான உயரம், சுமார் 3,850 அடி ஆகிறது. நிற்பது விமான நிலையம் உள்ள பெருங்குடியில், இறக்கையும் எஞ்சினும் உணரும் காற்றோ, கொடைக்கானல் உயரத்தில் பாதிக்குமேல் ஏறிவிட்ட காற்று.

இதன் விளைவைத் தொடர்ந்து பாருங்கள். வேகமானி 140 நாட் காட்டும்போது உண்மை வேகம் 148-ஐ ஒட்டியிருக்கும். தரையில் எட்ட வேண்டிய வேகம் ஆறு விழுக்காடு கூடினால், ஓட வேண்டிய தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப பன்னிரண்டு விழுக்காடு வரை கூடும். வெப்பத்தால் எஞ்சினின் உந்துவிசை குறைவதை இதில் இன்னும் சேர்க்கவில்லை. அதனால்தான் சில நாட்களில் சரக்கையோ பயணிகளையோ குறைக்க நேர்கிறது. மெட்டியராலஜியும் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் (கருவிகள்) பெர்ஃபார்மன்ஸும் (விமானத்தின் செயல்திறன்) இந்த ஒரே கணக்கில் வந்துவிட்டன, பார்த்தீர்களா?

வைகைக்கரை மாணவி:
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நம் பக்கத்து மாணவர்களுக்கு மெட்டியராலஜியில் ஒரு குறை உண்டு. கோடை மாலையில் மேற்கே திரளும் இடிமேகமும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் நமக்குக் கண்ணால் கண்டவை. ஆனால் டிசம்பர், ஜனவரியில் டெல்லியை மூடும் கதிர்வீச்சு மூடுபனியும் (இரவில் தரை வெப்பத்தை இழப்பதால் உண்டாவது), மேற்கிலிருந்து வரும் குளிர்கால மழைத் தாழ்வான மேற்கத்தியக் காற்றழுத்தக் கலக்கமும், வங்காளத்தின் கோடைப் புயல்மழையும் புத்தகத்தில் மட்டுமே பார்த்தவை. வரப்போகும் பணியில் டெல்லிக்கு இறங்க வேண்டியிருக்கும் என்பதால், அவற்றுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் தீபகற்பத்துக்கு மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து ஜெட் காற்று எனும் அதிவேகக் காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே அது மேற்கிலிருந்து வீசுகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் மிகுதி.

நேவிகேஷனிலும் இதே கதைதான். நம் பகுதியில் காந்த விலகல் (திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு) மிகக் குறைவு என்பதால் அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடும் பழக்கம் வந்துவிடுகிறது. வட அட்லாண்டிக் வழித்தடக் கணக்கில் அந்தப் பழக்கம் விடையைக் கவிழ்த்துவிடும்.

மேலூர் வாசகர்:
இருவர் சொல்வதும் சரி. ஆனாலும் கேள்வி வங்கியை அறவே ஒதுக்கிவிடாதீர்கள். ரெகுலேஷன்ஸ் (விமானப் போக்குவரத்து விதிகள்) போன்ற பாடத்தில் எண்களை நினைவில் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. பாடத்தைப் படித்து முடித்தபின் அதைத் திறந்தால் பயன் உண்டு.

திருமங்கலத்தான்:
மிக்க நன்றி. அதே கியூஎன்எச் அளவில் மாலை 36 டிகிரிக்குக் கணக்கிட்டேன். டென்சிட்டி ஆல்டிட்யூட் 3,370 அடிக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. சரிதானா?

பெருங்குடி ஓடுதளம்:
சரி. அடுத்து வெப்பத்தை மாற்றாமல் கியூஎன்எச்சை மட்டும் 1010 ஆக்கிப் பாருங்கள். இரண்டில் எது அதிகமாக ஆட்டுகிறது என்று விடையே காட்டிவிடும்.